தன் புகாருக்கே ஓட்டை போட்ட ஆள்

வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி.

"இதைப் படிச்சா என்ன தோணுது உனக்கு?" என்று கேட்டாள் ஆர்டித் பெட்வே.

"பசிக்குது பாஸ்."

"ஸ்டாஷ்!"

"சரி, சரி, படிக்கிறேன்." ஸ்டாஷ் வொய்டாசிக் அந்தக் காகிதத்தை ஸ்டீயரிங் மேல் சாய்த்து வைத்துக்கொண்டான்.

ஆர்டித் இருபத்திரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்த் தீ விபத்துகளைத் துருவிப் பார்த்தவள். இப்போது கிளீவ்லாந்தின் கிழக்குப் பக்கத்தில், ஒரு பல் டாக்டரின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். ஸ்டாஷுக்கு அங்கே மூன்று வேலை. கார் ஓட்டுவது, கம்ப்யூட்டர் பார்ப்பது, வாயாடுவது. மூன்றாவதற்குச் சம்பளம் கிடையாது. அதைத்தான் அவன் மிகச் சிறப்பாகச் செய்தான்.

அன்று வாயாட அவனுக்கே மனம் வரவில்லை. பசி என்று சொன்னதும் பொய்தான்.

நேற்று மாலை நடீன் டாலிவர் மாடிப்படி ஏறி வந்து, உட்காராமல் நின்றபடியே விஷயத்தைச் சொல்லியிருந்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். தொற்றுக்காகப் பள்ளிகளை மூடியதிலிருந்து வேலை இல்லை. ஆனால் அவளுக்குச் சூரியன் இருந்தது. 'ஏரிக்கரை சூரியக் குழு' என்று நாற்பது பேர், எல்லாரும் விஞ்ஞானப் பைத்தியங்கள், ஒருத்தரும் விஞ்ஞானி இல்லை. மே மாதக் கடைசியில் போலீஸ்காரர் முழங்காலுக்கு அடியில் ஒரு கறுப்பு மனிதரின் சாவு நடந்து, கறுப்பு மக்களும் அவர்களுக்காகப் பேசியவர்களும் ஊர் ஊராகத் தெருவில் இறங்கியபோது, இந்தக் குழுவும் தன்னால் ஆனதைச் செய்தது. தினம் மாலை தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி, சூரியனை இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். பார்த்தவர்கள் நன்கொடை கொடுத்தார்கள். ஊர்வலத்தில் பிடிபட்ட ஒன்பது கறுப்புப் பிள்ளைகளுக்கு ஜாமீன் கட்ட அந்தப் பணம்.

எட்டுப் பேர் வெளியே வந்துவிட்டார்கள். ஒன்பதாவது பெயர் ஜோசயா டாலிவர். வயது பத்தொன்பது, நடீனின் அண்ணன் மகன், ஆஸ்துமாக்காரன். சொந்தக்காரனுக்கு முதலிடம் கொடுத்தாள் என்று ஒரு வாய் பேசிவிடக் கூடாதே என்று, அவன் பெயரை அவளே கடைசியில் எழுதியிருந்தாள். செவ்வாய்க்கிழமை இரவு யாரோ ஒரு புகார் அனுப்ப, புதன்கிழமை காலை நிதி திரட்டும் தளம் மொத்தப் பணத்தையும் பூட்டிவிட்டது. சிறைக்குள்ளே காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் ஜோசயாவின் மூச்சு நாளுக்கு நாள் சத்தமாகக் கேட்டது. இன்று நாலு மணிக்கு ஜாமீன் கவுண்டரை மூடினால் திங்கள்கிழமைதான் திறப்பார்கள்.

"யார்னு கண்டுபிடிங்க. அது பொய்னு அவன் வாயாலயே வாங்கணும்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் நடீன்.

தளம் பெயரை மறைத்து நடீனுக்கு அனுப்பியிருந்த புகார் நகலை ஸ்டாஷ் சத்தமாகப் படித்தான்.

"'செவ்வாய் மாலை நாலு மணி பன்னிரண்டு நிமிடம் முதல் நாலு இருபத்து மூன்று வரை (ஒரு நிமிடம் முன்பின் இருக்கலாம்) இந்தக் குழு நேரலை என்று காட்டிய சூரியன், நேரலை அல்ல என்று கருதுகிறேன். முன்பே பதிவு செய்ததைப் போட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு மைல் தள்ளியிருக்கும் என் வீட்டின் மேல் வானம் முழுக்க மேகம்.' பாஸ், மேகம் மூடினதுக்கெல்லாம் புகார் குடுத்தா இந்த ஊர்ல போஸ்ட் ஆபீஸ் தாங்காது."

"மேலே படி."

"'என் புகாரின் பலவீனங்கள்...' என்னது?" ஸ்டாஷ் நிமிர்ந்து உட்கார்ந்தான். "'ஒன்று, ஒரு மைல் தூரத்தில் மேகத்தில் இடைவெளி இருந்திருக்கலாம். அதற்கு இருபதில் ஒரு பங்கு வாய்ப்பு தருகிறேன். இரண்டு, என் கண் பார்வை முன்போல் இல்லை. மூன்று, அன்று மனக்கலக்கத்தில் இருந்தேன். அது என் கணிப்பைப் பாதித்திருக்கலாம். என்னிடம் இன்னொரு சான்று உண்டு. அது ஐயத்துக்கு இடமில்லாதது. அதை இங்கே இணைக்கவில்லை. சம்பந்தப்பட்டவரே சொல்வது நல்லது. அசல் பதிவைக் காட்டி நான் நினைத்தது தவறு என்று நிரூபித்தால், மன்னிப்புக் கேட்டு, நன்றியுடன் விலகிக்கொள்வேன்.'"

அவன் அந்தப் பத்தியை இன்னொரு தடவை படித்தான்.

"இந்த வாரம் குழுவுக்கு வந்த வசைக் கடிதம் ஒரு மூட்டை இருக்கு," என்றாள் ஆர்டித். "எல்லாத்தையும் படிச்சேன். எதுலயும் 'என் வசையின் பலவீனங்கள்'னு ஒரு பத்தி இல்ல."

"எவனாவது எதிராளியை அடிக்கப் போறப்ப, என் முட்டி கொஞ்சம் வீக்கு, பாத்து அடிங்கன்னு சொல்லுவானா?"

"இவர் சொல்லியிருக்கார். நிமிஷத்துக்கு முன்பின் போடறது, வாய்ப்பு இருபதில் ஒண்ணுன்னு எழுதறது, தன் புகாருக்குத் தானே ஓட்டை போடறது... இது வெறுப்புல எழுதினது இல்ல ஸ்டாஷ். இது பழக்கம். எழுதினது நாற்பது பேர்ல ஒருத்தர்."

ஸ்டாஷ் காகிதத்தை மடித்து வைத்தான். வெளியாள் என்றால் கோபப்பட்டுவிட்டுப் போய்விடலாம். வீட்டுக்குள்ளிருந்து வரும் கல்லுக்கு யார் மேல் கோபப்படுவது?

நடீனின் வீடு கிளென்வில்லில், மரப்பலகை அடித்த பழைய வீடு. மூவரும் மாஸ்க் போட்டுக்கொண்டு சமையலறையில் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். ஆர்டித் தன் திட்டத்தைச் சொன்னாள். குழுவின் பக்கத்தில், நடீன் பெயரில் ஒரு தப்பான தகவல் போட வேண்டும். கடிதம் எழுதிய கை தப்பைப் பார்த்தால் சும்மா இருக்காது. அது எழுதும் திருத்தத்தின் நடையை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம்.

நடீன் சட்டென்று நிமிர்ந்தாள். "என் பேர்லயா? தப்பாவா? வேற யார் பேர்லயாவது போடக் கூடாதா?"

"ஒரு மணி நேரம்தான். அப்புறம் எடுத்துடலாம்."

"என் பேர்ல பொய் ஒண்ணு அங்க இருக்க..." என்று தொடங்கியவள், பாதியில் நிறுத்திவிட்டுக் குழாயடியில் ஏற்கெனவே கழுவிய கோப்பையை மறுபடி கழுவினாள். ஆர்டித் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்ததை ஸ்டாஷ் பார்த்தான். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை.

பத்தே முக்காலுக்குப் பதிவு போனது. 'சூரிய ஒளி நம்மை வந்து சேர எட்டு வினாடி ஆகிறது, எவ்வளவு அழகு!'

நாலு நிமிடத்தில் முப்பத்தொரு திருத்தம் வந்தது.

"எட்டு வினாடி இல்லை, எட்டு நிமிடம்" என்று முதல் பதினைந்து. "எட்டு நிமிடம் பத்தொன்பது வினாடி" என்று அடுத்த பத்து. "அது வருடச் சராசரி. ஜூனில் சூரியன் தள்ளிப் போயிருக்கும், இன்றைக்கு எட்டு நிமிடம் இருபத்தேழு வினாடி" என்று ஒருவர் எழுத, இருபத்தாறா இருபத்தேழா என்று அதன் கீழே பெரிய சண்டை. அத்தனை பேரும் 'இவ்வளவு முன்பின் இருக்கலாம்' என்று ஆளுக்கொரு பிழை அளவைச் சேர்த்திருந்தார்கள். அத்தனை பேரும் மரியாதையாக நன்றி சொல்லி முடித்திருந்தார்கள்.

"பாஸ், வலை வீசினோம். குளமே வந்துடுச்சு," என்றான் ஸ்டாஷ். "முப்பத்தொரு பேரும் அதே நடை. எல்லாரையும் கைது பண்ணிடலாமா?"

ஆர்டித் சிரிக்கவில்லை. மணியைப் பார்த்தாள். பதினொன்று. பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனாள். இருபது நிமிடம் அப்படியே போனது. ஸ்டாஷ் அந்த இருபது நிமிடமும் நகத்தைக் கடித்தான்.

"மூணு வருஷப் பதிவு பாத்துட்டேன்," என்றாள் கடைசியில். "யார் எந்தத் தப்பு பண்ணினாலும் முதல் திருத்தம் ஒரே ஆளோடது. ஹோரஸ் கிம்ப்ரோ. கிறிஸ்மஸ் வாழ்த்துல இருந்த நட்சத்திரத்தைக்கூடத் திருத்தியிருக்கார். தப்புன்னா அவருக்கு முன்னாடி யாரும் வாய் திறக்க முடியாது."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு வரல. ஆனா பதிவைப் பாத்தவங்க பட்டியல்ல அவர் பேர் இருக்கு. பத்து நாற்பத்தாறுக்கே பாத்திருக்கார். பாத்துட்டுப் பேசாம இருக்கார்."

"ஒருவேளை சாப்பிடப் போயிருப்பார்."

"நடீனைத் திருத்தற தைரியம் இன்னிக்கு அவருக்கு இல்ல," என்றாள் ஆர்டித். "ஒரு தடவை திருத்தினதுக்கே என்ன ஆச்சுன்னு பாத்துட்டு உக்காந்திருக்கார். வண்டியை எடு."

ஹோரஸ் அன்று காலை மனைவியை டயாலிசிஸுக்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார். வீட்டு வாசலில் காரை நிறுத்திக்கொண்டு ஒன்றரை மணி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஸ்டாஷ் முனைக் கடையில் 'போலிஷ் பாய்' வாங்கி வந்தான். ரொட்டிக்குள் சாசேஜ், அதன் தலையில் உருளைக்கிழங்கு வறுவல், அதன் தலையில் கோஸ், எல்லாவற்றையும் மூழ்கடிக்கும் சாஸ்.

"எங்க போலந்து இனத்துப் பேரை வச்சு விக்கிறாங்க, எங்க வீட்ல ஒருத்தரும் இதைச் செஞ்சதில்ல," என்றான். பாதி தின்றான். மீதியைச் சுற்றி வைத்துவிட்டான். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஹோரஸ் கிம்ப்ரோவுக்கு எழுபத்தொரு வயது. இரும்பாலைப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உயரமான, கறுத்த, இஸ்திரி போட்ட சட்டைக்காரர். மனைவியைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டுத் திரும்பி வந்தார். ஆர்டித் தன் அட்டையை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை.

"நான்தான் எழுதினேன்," என்றார். "உள்ள வாங்க. ஆறடி தள்ளி உக்காருங்க."

இவ்வளவு சுலபமாக ஒருவர் ஒப்புக்கொண்டு ஸ்டாஷ் பார்த்ததில்லை. கோபமாகக் கேட்க நினைத்து வைத்திருந்த கேள்விகளெல்லாம் நாக்கிலேயே நின்றுவிட்டன. கடைசியில் கேட்டான்: "ஏன் சார்? அந்தப் பையன் உள்ள மூச்சு விட முடியாம கெடக்கான். உங்க ஆளுதானே?"

"எங்க ஆளுதான். அவன் பொறந்தப்ப ஆஸ்பத்திரிக்குப் போயி பாத்தவன் நான்." ஹோரஸ் அலமாரியிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்து மேஜையில் வைத்து, தான் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார். "புரட்டிப் பாரு தம்பி. கடைசிப் பத்துப் பக்கம்."

ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் சின்னதாக ஒரு புள்ளி. கீழே தேதி, நேரம், கையெழுத்து.

"தொலைநோக்கி வழியா சூரியனைக் காகிதத்துல விழ வச்சு, விழறதை அப்படியே வரைவேன். முப்பத்தொரு வருஷமா தினம். இப்ப சூரியன் மேல ஒரே ஒரு கரும்புள்ளிதான் இருக்கு. சூரியன் சுத்துது இல்லையா, அதோட அதுவும் நகரும்."

ஸ்டாஷ் வேகமாகப் புரட்டினான். சனிக்கிழமை, புள்ளி இடது விளிம்புக்கும் நடுவுக்கும் இடையில். ஞாயிறு, கொஞ்சம் உள்ளே. திங்கள், இன்னும் உள்ளே. செவ்வாய், வெறும் வட்டம்: 'மதியத்திலிருந்து மேகம். பார்க்கவில்லை.' புதன், நடுவைத் தாண்டியிருந்தது. நேற்று வலது பக்கம்.

"செவ்வாக்கிழமை அது எங்க இருந்திருக்கணும்?" என்று கேட்டாள் ஆர்டித்.

ஸ்டாஷ் விரலை வெறும் வட்டத்தின் நடுவில் வைத்தான். பிறகு யாரும் சொல்லாமலே போனை எடுத்து, செவ்வாய்க்கிழமை நேரலையின் பதிவைத் தேடி, நாலு பன்னிரண்டுக்குத் தள்ளினான். ஆரஞ்சு நிறத்தில் பெரிய சூரியன். புள்ளி நடுவில் இல்லை, இடது பக்கம் தள்ளி இருந்தது. அவன் நோட்டைத் திருப்பிச் சனிக்கிழமைப் பக்கத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். இரண்டும் ஒன்று.

"பாஸ்," என்றான். "நம்ம கட்சிக்காரங்கதான் பொய் சொல்லியிருக்காங்க."

"தெரியும்," என்றாள் ஆர்டித். "காலைல கோப்பையைக் கழுவினப்பவே சந்தேகம் வந்துடுச்சு."

அதுதான் ஹோரஸ் இணைக்காமல் விட்ட இரண்டாவது சான்று. அதைப் போட்டிருந்தால் நடீனின் கதை அன்றே முடிந்திருக்கும். அவளே சொல்ல ஒரு வாசல் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார்.

"அவங்ககிட்டயே கேட்டிருக்கலாமே சார்?"

"மூணு தடவை போன் பண்ணினேன். எடுக்கல. அப்புறம்தான் எழுதினேன்." ஹோரஸ் கைகளைப் பார்த்தார். "விஞ்ஞானப் பத்திரிகைல வந்த கட்டுரைல ஒரு தப்பு இருந்தா நாங்க ஆசிரியருக்கு எழுதுவோம். அவர் கட்டுரை எழுதினவங்ககிட்ட பதில் கேப்பார். அவங்க ஆமா தப்புதான்னு ஒரு வரி போடுவாங்க. முடிஞ்சுது. அப்படித்தான் நெனச்சேன். இங்கயும் யாரோ படிப்பாங்க, நடீன்கிட்ட ஒரு வார்த்தை கேப்பாங்கன்னு. யாரும் படிக்கவே இல்லம்மா. ஒரு மெஷின் பூட்டைப் போட்டுட்டுப் போயிடுச்சு."

"அப்ப வாபஸ் வாங்குங்க!" ஸ்டாஷ் எழுந்தே விட்டான். "மணி ரெண்டு ஆகுது. ஒரு நிமிஷ வேலை!"

ஹோரஸ் மேஜையிலிருந்த கம்ப்யூட்டரைத் திருப்பினார். புகாரைத் திரும்பப் பெறும் படிவம் திறந்தே இருந்தது. அதில் இரண்டே கட்டங்கள். 'என் புகார் உண்மை, தொடர்கிறேன்.' 'என் புகார் பொய், திரும்பப் பெறுகிறேன்.'

"ரெண்டு நாளா தெறந்து வச்சிருக்கேன்," என்றார். "மூணாவது கட்டம் இல்ல. புகார் உண்மை, ஆனா பையனை விட்டுடுங்கன்னு எழுத எடமே இல்ல."

"பொய்னு ஒரு டிக் போடுங்க சார். யாருக்குத் தெரியப் போவுது?"

"உன் பேரு என்ன தம்பி?"

"ஸ்டாஷ்."

"ஸ்டாஷ், நீ ஒரு தடவை தப்பா எழுதினா, அது ஒரு தப்பு. அவ்வளவுதான். நான் ஒரு தடவை தப்பா எழுதினா, நான் அதுவரைக்கும் எழுதின எல்லாமே தப்பு. எங்க தெருவே தப்பு. எண்பத்தேழுல ஃபோர்மேன் ஒருத்தன் ஒரு இரும்புச் சாம்பிள்ல ஒரு நம்பரை மாத்திக் கையெழுத்துப் போடுன்னான். போடல. ஆறு வருஷம் என்னை ராத்திரி ஷிப்ட்ல போட்டான். போட்டா போட்டுக்கோன்னு இருந்தேன். இப்ப நாங்க தெருவுல நின்னு, எங்களுக்கு நடந்தது உண்மைன்னு கத்தறோம். அந்த வாரத்துலயே நம்ம பொண்ணு ஒரு பழைய சூரியனைப் போட்டுப் புதுசுன்னு சொல்லுது. அது வெளில வராதுன்னு நெனக்கிறியா? வரும். அன்னிக்கு அந்தப் பசங்க ஒன்பது பேரையும் பொய்யன்னு சொல்லுவாங்க." அவர் நோட்டை மூடினார். "ஆனா அவன் மூச்சு... ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் இல்ல. இந்த அம்புக்குறியை அந்தக் கட்டத்துகிட்ட கொண்டு போவேன். கை நின்னுடும்."

ஸ்டாஷ் இந்த மனிதர் மேல் கோபப்பட முயன்றான். முடியவில்லை. அந்தக் கையைப் பிடித்து மௌஸை அழுத்திவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

"வா," என்றாள் ஆர்டித். "இவர்கிட்ட நாம கேக்கக் கூடாது. கேக்க வேண்டிய எடம் வேற."

இரண்டே முக்காலுக்கு நடீன் வீட்டுச் சமையலறை. ஆர்டித் சுற்றி வளைக்கவில்லை.

"சனிக்கிழமை சூரியன்," என்றாள்.

நடீன் நாற்காலியில் உட்கார்ந்தாள். நேற்று உட்காராமலே பேசியவள்.

"ஹோரஸ் அண்ணனா?" என்றாள் மெதுவாக. "அவர்தான்னு எனக்குத் தெரியும். தெரியும், ஆனா இல்லன்னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னுதான் உங்களைத் தேடி வந்தேன்." மாஸ்க்குக்கு மேலே கண்கள் சிவந்தன. "அன்னிக்குக் காலைல ஜோசயா போன் பண்ணினான். அத்தை, பக்கத்துல படுத்திருந்தவனைத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னான். சாயங்காலம் ஏரிப் பக்கமிருந்து மேகம் வந்துச்சு. ஜனம் போயிட்டே இருந்தாங்க. இன்னும் கொஞ்சம் சேர்ந்தா அவனைக் கூட்டிட்டு வந்துடலாம். கொஞ்சம்தான். பதினோரு நிமிஷம் பழைய படத்தைப் போட்டேன். மேகம் விலகும், மாத்திடலாம்னு நெனச்சேன். விலகவே இல்ல."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே," என்றான் ஸ்டாஷ்.

"பதினஞ்சு வருஷமா பஸ்ல வர்ற பசங்களுக்குச் சூரியனைப் பத்தி நான் சொல்லிக் குடுத்திருக்கேன். அந்தப் பசங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

"ஜோசயாவோட வக்கீலம்மாகிட்ட பேசினேன், கவுண்டர்லயே பணத்தோட நிக்கிறாங்க," என்றாள் ஆர்டித். "பூட்டு தெறந்ததைப் பாத்தா, பணம் திரும்பி வந்துடும்னு நம்பித் தன் கையிலேர்ந்து கட்டிடுவாங்க. பூட்டைத் தெறக்கணும்னா புகார் குடுத்தவர் விலகணும். சம்பந்தப்பட்டவங்களே சொல்றது நல்லதுன்னுதான் அவர் எழுதியிருக்கார், நீங்களே சொல்லிட்டா அவருக்கு விலக மனசு வரலாம். ஆனா நீங்க சொன்ன அடுத்த நிமிஷம் ஊரே உங்க மேல பாயும். தளம் மொத்தமா மூடினாலும் மூடிடும். என்னால எந்த உத்தரவாதமும் குடுக்க முடியாது."

அது உண்மைதான். ஆர்டித்துக்கும் வழி தெரியவில்லை என்பதை ஸ்டாஷ் அவள் முகத்தில் முதல் தடவையாகப் பார்த்தான். அது அவனைப் பயமுறுத்தியது.

நடீன் எழுந்து கொல்லைப்புறம் போனாள். தொலைநோக்கியைத் தொடக்கூட இல்லை. கேமராவைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி, மாஸ்க்கைக் கழற்றினாள். மூன்று மணி இரண்டு நிமிடம்.

"நான் நடீன் டாலிவர். செவ்வாக்கிழமை நாலு பன்னிரண்டுலேர்ந்து பதினோரு நிமிஷம் நான் காட்டினது அன்னிக்கு எடுத்த படம் இல்ல. சனிக்கிழமை எடுத்தது. தெரிஞ்சேதான் போட்டேன். புகார் குடுத்தவர் சொன்னது உண்மை. அந்தப் பதினோரு நிமிஷத்துல காசு குடுத்தவங்க திருப்பிக் கேட்டா குடுத்துடறேன். அந்தப் பசங்க யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல. பொய் சொன்னது நான் மட்டும்தான்."

ஒரு கையெழுத்துப் போடுவது போலச் சொல்லி முடித்து, கேமராவை அணைத்தாள். கருத்துகள் கொட்ட ஆரம்பித்தன. நன்றி சொன்னவர்கள் இருந்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் இருந்தார்கள். இதற்காகவே வாரக்கணக்கில் காத்திருந்த ஒரு கும்பலும் இருந்தது. அவர்கள் அந்த வீடியோவை வெட்டிப் பரப்புவதை ஸ்டாஷ் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஹோரஸுக்குப் போன் போடு," என்றாள் ஆர்டித். "அவங்க சொல்லிட்டாங்கன்னு சொல்லு."

ஸ்டாஷ் போனைத் திருப்பியபோது நிதிப் பக்கம் மாறியிருந்தது. பூட்டுப் படத்தைக் காணவில்லை. அதன் இடத்தில் ஒரு வரி இருந்தது. அவன் அதை இரண்டு தடவை படித்தான்.

"பாஸ்... 'புகார் திரும்பப் பெறப்பட்டது. காரணம்: புகார் பொய் என்று புகார்தாரர் ஒப்புக்கொண்டார். நேரம்: மூன்று மணி ஒரு நிமிடம்.'"

மூன்று மணி ஒரு நிமிடம். நடீன் வாய் திறப்பதற்கு ஒரு நிமிடம் முன்பு, முப்பத்தொரு வருடத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றி வைக்காத கை, பொய் என்று ஒரு கட்டத்தை அழுத்தியிருந்தது. அவர் பொய் சொல்லிப் பூட்டைத் திறந்துவிட்டார். இவள் உண்மையைச் சொல்லி அந்தப் பொய்யையும் ஊரறியப் பொய்யாக்கிவிட்டாள். இருவரில் யார் சற்றுப் பொறுத்திருந்தாலும் அவருக்கு அந்த அவமானம் இல்லை.

நடீன் அந்த வரியைப் படித்தாள். பிறகு கொல்லைப்புறத் தரையிலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "ஐயோ அண்ணே, எனக்காகவா? எனக்காகவா?"

எதையும் படிக்காத மெஷின் அவள் சொன்னதையும் கேட்கவில்லை. பூட்டு திறந்தபடியே இருந்தது. மூன்று நாற்பத்தேழுக்கு வக்கீலம்மாவிடமிருந்து செய்தி வந்தது: கட்டியாகிவிட்டது.

ஜோசயாவை வெளியே விட மாலை ஆறரை ஆகிவிட்டது. சிறைக்கு எதிரே நடைபாதையில் நடீன் நின்றாள். ஸ்டாஷும் ஆர்டித்தும் காரில் சாய்ந்து நின்றார்கள். இஸ்திரிச் சட்டையோடு ஹோரஸ் நடந்து வந்தார். ஆறடி தள்ளி நின்றார்.

"பாத்தேன்," என்றார் அவர். "நீ சொன்னதை."

"ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா அண்ணே?"

"நீ சொல்லுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்? இருபதில் ஒரு வாய்ப்புன்னு நெனச்சேன்." அவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். "அதுவும் என் தப்புக் கணக்கு."

"வீடியோவை எல்லா எடத்துலயும் போட்டுட்டாங்க. நம்ம எல்லாரையும் திருடன்னு சொல்றாங்க."

"சொல்லுவாங்க. நாளைக்கும் சொல்லுவாங்க." ஹோரஸ் சிறைக் கதவையே பார்த்தபடி சொன்னார். ஸ்டாஷுக்கு ஏதாவது ஜோக் அடிக்க வேண்டும் போலிருந்தது. ஒன்றும் வரவில்லை.

இரும்புக் கதவு திறந்தது. ஜோசயா வெளியே வந்தான். பதினோரு நாளில் தோள் எலும்பு துருத்திவிட்டது. சட்டை தொங்கியது. அத்தையைத் தேடவில்லை, யாரையும் தேடவில்லை. ஜன்னல் இல்லாத அறையிலிருந்து வந்த பையன், முதல் வேலையாக அண்ணாந்து, மேற்கே கட்டடங்களுக்கு மேல் எரிந்துகொண்டிருந்த வெளிச்சத்தைக் கண்ணை அகல விரித்துப் பார்த்தான்.

"டேய், சூரியனை நேரா பாக்காதே!"

இரண்டு குரல்கள், ஒரே நேரத்தில், ஒரே பதற்றத்தோடு. நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜோசயா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. மூன்று மாதமாக ஆறடி, ஆறடி என்று ஊருக்கே பாடம் எடுத்த இருவரும் ஓடிப்போய் ஆளுக்கொரு பக்கம் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். நடீன் பையில் கைவிட்டு இன்ஹேலரைத் தேடினாள். ஹோரஸ் அவன் முதுகைத் தடவிக்கொண்டே, மூச்சை மெதுவா இழு, மெதுவா, என்று சொல்லிக்கொண்டிருந்தார்.